இருவர் மட்டும் போகும் முதல் பாய்ப்படகுப் பயணம்: சுருட்டுப் பாயா, மடிப்புப் பாயா?

கல்மண்டபம் எழுதியது
சனிக்கிழமை, இரவு 10.40

வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் கிரேக்க நாட்டின் மேற்குக் கரைக்குப் போகிறோம். அங்கே லெஃப்காஸ் தீவிலிருந்து 38 அடிப் பாய்ப்படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கப்போகிறோம். படகில் நாங்கள் இருவர்தான். கூட வர இருந்த மைத்துனர் குடும்பம் மகனின் பன்னிரண்டாம் வகுப்பைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டது. கூலிக்கு ஒரு படகோட்டியை அமர்த்த எனக்கு மனமில்லை. அதற்கு எண்ணூருக்கு பஸ்ஸில் போய் வரலாம்.

வாடகைக்காரர்கள் இரண்டு படகுகளைக் காட்டியிருக்கிறார்கள். நீளம் ஒன்றே, அறைகளும் ஒன்றே. முதல் படகில் பெரிய பாய், அதைத் தாங்கி நிற்கும் பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை இழுத்தால் வெளியே வரும், இன்னொரு கயிற்றை இழுத்தால் உள்ளே போய்விடும். இரண்டாவதில் பழைய முறை: பாயைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், இறக்கினால் பூம் என்கிற, பாயின் அடியில் படுத்திருக்கும் கம்பின் மேல் மடிந்து ஒரு பைக்குள் விழும். இருபுறமும் லேசி ஜாக் கயிறுகள் அதைத் தாங்கிக்கொள்ளும். முதலாவதற்கு 120 யூரோ அதிகம். “தம்பதிகள் பெரும்பாலும் சுருட்டுப் பாயைத்தான் கேட்பார்கள்” என்று மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. கடைக்காரர் “எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்றால் நான் அடுத்த கடைக்குப் போகிற ஆள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாத்தா காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டியவர். பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பார், பாயைக் காற்றுக்குப் பிடித்து நிறுத்தும் கயிற்றைத் தாமான் என்பார். அப்பா கடல் பக்கம் போகவில்லை, ரயில்வேயில் சேர்ந்துவிட்டார். நான் ராஜாஜி சாலையில் சரக்குப் பெட்டகங்களுக்குச் சுங்கக் காகிதம் எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல்தான் துறைமுகத்துக்குள் லேசர் என்கிற ஒற்றை ஆள் சிறு பாய்ப்படகை ஓட்டக் கற்றேன். லேசரில் பாயை ஏற்றும் வேலையே கிடையாது, காலுறையை மாட்டுவது போல மரத்தில் மாட்டிவிடலாம். ஆகவே ஆஞ்சான் இழுத்த அனுபவமெல்லாம் போன ஆண்டு தாய்லாந்தில் இருவரும் சேர்ந்து எடுத்த ஒரு வாரப் பயிற்சியோடு சரி. அங்கே இருந்தது மடிப்புப் பாய். இழுக்க நான்கு ஆண்கள் இருந்தோம். மூன்றாம் நாள் பாயின் குறுக்கே வரும் பேட்டன் குச்சி ஒன்று லேசி ஜாக்கில் மாட்டிக்கொண்டது. மேலே பார்த்து நான்கு பேரும் நான்கு விதமாகக் கத்தினோம்.

இப்போது என் வலது தோள்பட்டை பாதிதான் தூக்குகிறது. மனைவியின் உயரம் நான்கு அடி பதினொரு அங்குலம். காற்று ஏறும்போது பாயைக் குறைக்க வேண்டிவந்தால் ஒருவர் சுக்கானில் நிற்க, மற்றவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இந்த நிலையில் எதை எடுப்பது? இரண்டிலும் இருவராகப் போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


எண்ணூர்க்_கழிமுகம் எழுதியது
சனிக்கிழமை, இரவு 11.15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுருட்டுப் பாய். நான் மூன்று முறை போயிருக்கிறேன். பாயைக் குறைக்க வேண்டுமானால் கையளவு உள்ளே இழுக்கலாம், முழங்கையளவும் இழுக்கலாம், உங்கள் விருப்பம். மரத்தடிக்குப் போகவே வேண்டாம். வேகம் சற்றுக் குறையும். அதில் நிமிர்த்திப் பிடிக்கும் குறுக்குக் குச்சிகள் இல்லாததால் பின்விளிம்பு உள்வாங்கி வெட்டப்பட்டிருக்கும், பரப்பும் குறைவு. நீங்கள் பந்தயத்துக்கா போகிறீர்கள்? 120 யூரோவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.


தார்ப்பாய்த்_தையல் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, காலை 6.05

தம்பி, பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லாரித் தார்ப்பாயும் பந்தல் துணியும் தைக்கிற கிழவன் நான். நடுநடுவே சிறு படகுகளின் பாய்களுக்கு ஒட்டுப் போட்டதும் உண்டு. என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், முறையாகப் படகோட்டக் கற்றவள். அவளோடு நீங்கள் போகிற அதே கடலுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை சுருட்டுப் பாய், அடுத்த முறை மடிப்புப் பாய். இரண்டு முறையும் இருவர்தான்.

மேலே எழுதியவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் துணியைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் கேட்கவில்லை. சுருட்டா, மடிப்பா என்று கேட்பதற்கு முன்னால் அந்தப் பாய்க்கு என்ன வயது என்று கேட்டிருக்க வேண்டும்.

வாடகைப் படகுகளின் பாய் பெரும்பாலும் டேக்ரான், அதாவது பாலியெஸ்டர் நெசவு. நெசவின் இடுக்குகளில் பிசின் ஏற்றி விறைப்பாக்கியிருப்பார்கள். புதியதைக் கையில் கசக்கினால் அப்பளம் போல மொடமொடக்கும். ஆண்டுக்கு இருபது வாரம், வாரத்துக்கு ஓர் ஆள், ஒவ்வோர் ஆளும் காற்றில் படபடக்க விட்டுப் பழகினால் பிசின் நொறுங்கிவிடும். பிறகு துணி துவைத்த வேட்டி. நூல் ஓடுகிற திசையில் இழுத்தால் தாங்கும், மூலைவாட்டில் இழுத்தால் நீளும். அப்படி நீண்ட பாயின் நடுவில் தொப்பை விழும். அந்தத் தொப்பை வருடா வருடம் பின்னோக்கி நகரும்.

மடிப்புப் பாயில் தொப்பை விழுந்தால் படகு கொஞ்சம் அதிகமாகச் சாயும், காற்றை எதிர்த்து ஏறாது. அவ்வளவுதான், இறக்கினால் இறங்கிவிடும். சுருட்டுப் பாயில் அந்தத் தொப்பையும் சேர்ந்து மரத்தில் இருக்கிற ஒரு பிளவுக்குள் நுழைந்தாக வேண்டும். கோரைப்பாயைச் சுருட்டி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருப்பீர்கள். இறுக்கிச் சுருட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். குழந்தைகள் சுருட்டினால் நடுவில் புடைத்து, ஓரம் தொலைநோக்கி போல நீண்டு, பாதியில் நின்றுவிடும். அங்கேயும் அதே கதைதான், தம்பி. இங்கே பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாம். அங்கே அந்த வழி இல்லை.

எங்களுக்கு நடந்தது இது. ஐந்தாம் நாள் பிற்பகல். அந்தக் கடலில் கோடையில் காலை வேளை கண்ணாடி மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ என்கிற காற்று எழும், பொழுது சாய்ந்தால் அடங்கும். நம் ஊரில் மதியம் எழுகிற கடற்காற்று போல நேரம் தவறாது. அன்று லெஃப்காஸுக்கும் பக்கத்துத் தீவான மெகானிசிக்கும் நடுவிலே தீவுகளின் இடுக்கில் புகுந்து 22 நாட், அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வரை போனது. பாயைப் பாதியாக்கலாம் என்று மகள் சொன்னாள். அவள் சுக்கானில், நான் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சில். பாதி சுருண்டது. அதற்குமேல் வின்ச் கைப்பிடி நகரவில்லை. தையல் மிஷினில் துணி மடிந்து ஊசிக்கடியில் சிக்கினால் சக்கரம் ஒரு மாதிரி மெத்தென்று நிற்கும், நூல் அறுந்து நிற்பது போல இருக்காது. என் கைக்கு அந்த மெத்தென்ற நிறுத்தம் நாற்பது வருடப் பழக்கம். உடனே விட்டுவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் மூன்றாள் உயரத்தில், பிளவின் வாயில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மடிப்பு துணியோடு துணியாக நசுங்கி நிற்கிறது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பாதிப் பாய் விரிந்தபடி, காற்று ஏறிக்கொண்டிருந்தது.

மகள் படகை மெகானிசியின் காற்று மறைவுக்குக் கொண்டுபோனாள். அங்கே வெளியே இழுக்கும் கயிற்றை விரற்கடை இழுப்பது, உள்ளிழுக்கும் கயிற்றை விரற்கடை இழுப்பது, மறுபடி வெளியே. பல்லில் மாட்டிய நாரை நாக்கால் அசைக்கிற மாதிரி. நாற்பது நிமிடம் ஆனது. வந்ததும் முழுப் பாயையும் வெளியே விட்டு மறுபடி ஒழுங்காகச் சுருட்டினோம். கரைக்கு வந்தபின் கேட்டோம், பாய்க்கு ஒன்பது வயதாம்.

அங்கே மின்சார வின்ச் இருந்திருந்தால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருப்போம். அது பாயைக் கிழித்திருக்கும், அல்லது மடிப்பை இன்னும் உள்ளே திணித்திருக்கும். எதுவானாலும் முன்பணத்தில் கழித்திருப்பார்கள். சுருட்டுப் பாய்க்கு மின்சார வின்ச்சைத் தொடாதீர்கள், கையால் சுற்றுங்கள். கைக்குத்தான் தெரியும்.

இதைப் படித்துவிட்டுச் சுருட்டுப் பாயே ஆகாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புதுத் துணியாக இருந்து, சுருட்டுகிற முறையும் தெரிந்திருந்தால் அது சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த முறையை நான் பிற்பாடுதான் கற்றேன். முதலில் தாமானையும் பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரையும் தளர்த்த வேண்டும், பூம் தானாக மேலே எழும். எவ்வளவு எழ வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். பூம் தாழ்ந்திருந்தால் பின்விளிம்பு விறைத்து அடிப்பக்கம் தொளதொளக்கும், மடிப்பு கீழே விழும். பூம் அதிகம் எழுந்தால் பின்விளிம்பு தொங்கி மேலே மடிப்பு விழும். நல்ல படகுத்துறையில் சரியான உயரத்துக்கு ஓர் அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள். அடையாளம் இல்லையென்றால் படகை ஒப்படைக்க வருகிறவரையே ஒருமுறை சுருட்டிக் காட்டச் சொல்லி, அந்த உயரத்தில் நீங்களே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு, வெளியே இழுக்கும் கயிற்றை அப்படியே அவிழ்த்துவிடக் கூடாது. வின்ச்சில் ஒரு சுற்று வைத்து, கையில் லேசான இறுக்கத்தோடு விட்டுக் கொடுக்க வேண்டும். பட்டம் விடத் தெரிந்தவர்களுக்கு நூல் விடுவது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. படகின் முகம் காற்றுக்குக் கிட்டத்தட்ட நேராக, ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் விலகி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது உள்ளேயிருக்கும் தண்டு சுற்றுகிற திசையைப் பொறுத்தது. தவறான பக்கம் பிடித்தால் துணி பிளவின் விளிம்பில் உரசிக்கொண்டே போகும். இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மடிப்புப் பாயைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கடை திறக்க வேண்டும்.


கொருக்குப்பேட்டை_ரயில்கேட் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30

தையல்கார ஐயா பிறகு எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன். மடிப்புப் பாயில் நானும் என் கணவரும் குரோஷியாவில் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறோம். ஸ்ப்ளிட்டிலிருந்து கிளம்பி விஸ், ஹ்வார் தீவுகள் வரை.

முதலில் ஒரு குறை. கல்மண்டபம் அவர்களே, உங்கள் கேள்வியில் உங்கள் தோள்பட்டை இருக்கிறது, தாத்தாவின் ஆஞ்சான் இருக்கிறது, மனைவியின் உயரமும் இருக்கிறது. மனைவி என்ன நினைக்கிறார் என்பது இல்லையே? அவரும் அதே பயிற்சியை முடித்தவர்தானே? கிரேக்கத்தில் படகை எடுக்கும்போது உரிமம் வைத்திருக்கிறவர் ஒருவர் போதாது, படகோட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரையும் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அவர்தான்.

“இழுக்க நான்கு ஆண்கள் இருந்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பிய நம் கடற்படையின் தாரிணி என்கிற பாய்ப்படகு 2025 மே 29 அன்று உலகைச் சுற்றித் திரும்பியது. உள்ளே இருந்தது தில்னா, ரூபா என்கிற இரண்டு அதிகாரிகள் மட்டும். ரூபா நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரிக்காரர். தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனையைச் சுற்றியவர்களை லெஃப்காஸ் குளத்தோடு ஒப்பிடுவது அநியாயம்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் படகில் முதல் இரண்டு நாள் சண்டை. கணவர் ஆஞ்சான் இழுப்பார், நான் சுக்கான். பாய் ஏறும்போது படகு காற்றுக்கு நேர்முகமாக நிற்க வேண்டும், எஞ்சின் மெல்ல ஓட வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் பாயைப் பார்ப்பார், காற்றை யாரும் பார்க்க மாட்டோம். படகின் முகம் பத்துப் பாகை விலகியவுடன் பாய் ஒரு பக்கம் சாய்ந்து பேட்டன் குச்சி லேசி ஜாக்குக்கு அடியில் போய் மாட்டும். “நேராகப் பிடி” என்பார். “நேராகத்தான் பிடித்திருக்கிறேன்” என்பேன். பக்கத்துப் படகில் ஜெர்மானியக் கிழவர் ஒருவர் காப்பிக் கோப்பையோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவரே வந்து சொல்லிக் கொடுத்தார். பாயை ஏற்றுவதற்கு முன்பே லேசி ஜாக்குகளைத் தளர்த்தி முன்னால் இழுத்து மரத்தோடு மாட்டிவிட வேண்டுமாம். மாட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லாதபோது குச்சி மாட்டாது. பாய் ஏறியபின் மறுபடி இறக்கிவிட வேண்டியதுதான். இத்தனை எளிய விஷயத்தைப் படகைக் கொடுத்தவர் சொல்லவில்லை. இன்னொன்று, நாங்கள் இடம் மாறினோம். நான் ஆஞ்சான் பக்கம், அவர் சுக்கான். ஏற்றுவதில் பலம் தேவைப்படுவது கடைசி ஓர் ஆள் உயரத்துக்குத்தான், அங்கே வின்ச் இருக்கிறது. படகை அலையில் அசையாமல் காற்றுக்கு நேரே நிறுத்துவதுதான் கடினம், அதில் அவர் கெட்டிக்காரர். அதற்குப் பிறகு சண்டை சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான்.

மடிப்புப் பாயில் எனக்குப் பிடிக்காதது மாலையில் பையின் ஜிப்பை மூடுவது. பாய் பைக்குள் ஒழுங்காக விழுந்திருக்காது, குவியலாகக் கிடக்கும். பூம் உயரத்தில் இருக்கும். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், எனக்கே எட்டவில்லை. கணவர்தான் மரத்துப் படியில் ஒரு காலும் கூரையில் ஒரு காலுமாக நின்று மூடினார். ஆனால் அது துறைக்குள் கட்டியபின் நிதானமாகச் செய்கிற வேலை. உயிர் போகிற வேலை இல்லை.

முதல் நாள் பெரிய பாயைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். முன்பாயை மட்டும் விரித்து அரை நாள் ஓட்டுங்கள். வாடகைப் படகுகளில் முன்பாய் எப்படியும் முன்கம்பியில் சுருளும் வகைதான்.


எண்ணூர்க்_கழிமுகம் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, காலை 10.10

அக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் சண்டை போட்டு மூன்றாம் நாள் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இரண்டு வாரம் இருந்தது. இவருக்கு இருப்பது ஏழு நாள், அதில் முதலும் கடைசியும் கணக்கில் வராது. தையல்கார ஐயாவுக்குச் சிக்கியது ஒருமுறைதான். எனக்கு மூன்று பயணத்தில் ஒருமுறைகூடச் சிக்கவில்லை.


தார்ப்பாய்த்_தையல் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.45

உங்களுக்குச் சிக்காதது நல்லது. அந்த மூன்று பாய்களும் எத்தனை வயது என்று தெரியுமா? தெரியாது என்றால் உங்கள் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம்.

கொருக்குப்பேட்டை அம்மா சொன்னதோடு நான் சேர்ப்பது பாயைக் குறைப்பது பற்றி மட்டும். ஏற்றுவதைத் துறைக்கு வெளியே அமைதியாகச் செய்யலாம். குறைப்பதைக் காற்று ஏறியபின்தான் செய்யப்போகிறீர்கள். காற்றின் வேகம் 14 நாட்டிலிருந்து 20 ஆனால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, பாயின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். ஆகவே “குறைக்கலாமோ” என்று ஒருவருக்குத் தோன்றியவுடன் குறைத்துவிட வேண்டும், மற்றவர் வாதாடக் கூடாது. எங்கள் படகில் மகள் போட்ட சட்டம் அது.

மடிப்புப் பாயில் குறைப்பதற்கு ஆஞ்சானைக் கொஞ்சம் இறக்க வேண்டும், ரீஃப் கயிற்றை, அதாவது பாயைக் குறைத்துக் கட்டும் கயிற்றை இழுத்து பாயின் முன்மூலையையும் பின்மூலையையும் பூமுக்குக் கொண்டுவர வேண்டும், மறுபடி ஆஞ்சானை இறுக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது என்று தெரியாமல்தான் எல்லாரும் திணறுகிறார்கள். கூடுதலாக இறக்கினால் பாய் காற்றில் அடிக்கும், குறைவாக இறக்கினால் ரீஃப் கயிறு வராது. அது வராததைப் பார்த்து வின்ச்சைப் போட்டு இழுப்பார்கள், துணி கிழியும். இதற்கு மருந்து ஊசியும் நூலும்தான். படகு துறையில் கட்டியிருக்கும்போதே, காலையில் காற்று இல்லாத நேரத்தில், முதல் ரீஃப் அளவுக்கு, அதாவது முதல் படிக் குறைப்புக்குப் பாயை இறக்கிச் சரியாகப் போடுங்கள். அப்போது ஆஞ்சான் கயிறு அதைக் கவ்விப் பிடிக்கும் பூட்டுக்குள் நுழைகிற இடத்தில் தடித்த நூலால் நாலு சுற்று சுற்றித் தைத்துவிடுங்கள். இரண்டாவது ரீஃபுக்கு இன்னொரு நிறம். நடுக்கடலில் அந்த நூல் பூட்டுக்கு வந்தவுடன் நிறுத்தினால் போதும், அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஓடுகிற கயிற்றில் டேப் ஒட்டினால் ஒரே நாளில் உரிந்துபோகும்.

முன்மூலை, பின்மூலை இரண்டுக்கும் ஒரே கயிறாக, உட்கார்ந்த இடத்துக்கே வருகிற மாதிரி இருந்தால் மரத்தடிக்குப் போக வேண்டாம். ஆனால் அந்த ஒற்றைக் கயிறு நிறைய உருளைகளில் வளைந்து வருவதால் உராய்வு அதிகம், பொறுமையாக இழுக்க வேண்டும்.

இனி வாடகைக்காரருக்கு எழுதுங்கள்: இரண்டு பாய்களும் எந்த ஆண்டு தைக்கப்பட்டவை? முழுதாக விரித்த நிலையில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் அனுப்ப முடியுமா? மடிப்புப் பாயின் ரீஃப் கயிறுகள் எங்கே வருகின்றன? பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.


கல்மண்டபம் எழுதியது
வியாழக்கிழமை, இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. கேட்டு எழுதினேன், மூன்றாம் நாள் பதில் வந்தது. சுருட்டுப் பாய்க்கு எட்டு வயது. மடிப்புப் பாய் இந்த வசந்தத்தில்தான் புதிதாகப் போட்டதாம். இரண்டு ரீஃப்கள், ஒற்றைக் கயிறு, உட்கார்ந்த இடத்துக்கு வருகிறது. படங்களும் அனுப்பியிருக்கிறார்கள். சுருட்டுப் பாயின் படத்தைப் பார்த்தவுடன் ஐயா சொன்ன தொப்பை எனக்கே தெரிந்தது. பின்விளிம்பு ஓரமாக நெடுக ஒரு சுருக்கம், இஸ்திரி போடாத சட்டை மாதிரி. அந்தப் படகுக்கு 120 யூரோ அதிகம் கேட்கிறார்கள்!

எண்ணூர்க்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சுருட்டுப் பாய் புதியதாக இருந்திருந்தால் நீங்கள் சொன்னதையே செய்திருப்பேன். இப்போது மடிப்புப் பாய்ப் பக்கம்தான் மனம் சாய்கிறது. மிச்சம் என் தோள்பட்டை. 38 அடிப் படகின் பெரிய பாய் எவ்வளவு எடை இருக்கும் ஐயா?


தார்ப்பாய்த்_தையல் எழுதியது
வியாழக்கிழமை, இரவு 9.50

குச்சிகளோடு சேர்த்து 20 கிலோவுக்கு அக்கம்பக்கம். இது என் கைக்கணக்கு, தராசு வைத்துச் சொல்லவில்லை. அதோடு உருளைகளின் உராய்வு. முழு எடையும் முதல் இழுப்பிலேயே வராது, பாய் ஏற ஏறத்தான் கூடும்.


கல்மண்டபம் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.30

இதை எழுதுவது அவர் இல்லை, அவருடைய மனைவி. அவர் கணக்கிலேயே எழுதுகிறேன், தனியாக ஒன்று திறக்கப் பொறுமை இல்லை. கொருக்குப்பேட்டை அக்காவுக்கு முதல் நன்றி. என்னிடம் இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை என்பது முழு உண்மை.

எங்களுடையது பழைய வீடு. பின்கட்டில் கிணறும் அதன் கப்பியும் இன்னும் இருக்கின்றன. மோட்டார் போட்டபின் கப்பிக்கு வேலை இல்லை. இன்று காலை இருபது கிலோ அரிசி மூட்டையை அதில் கட்டி நான்தான் இழுத்தேன். கையால் மட்டும் இழுத்தபோது முதல் நான்கு இழுப்பு எளிது, பிறகு உள்ளங்கை எரிந்தது. உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றை இடுப்புக்கு இழுத்தால் மேல்வரை போய்விட்டது. இரண்டாம் முறை அவருடைய பழைய பைக் கையுறையைப் போட்டுக்கொண்டேன், வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அவர் இழுத்தபோது தோள் பாதியிலேயே பிடித்துக்கொண்டது. ஆகவே முடிவாகிவிட்டது. ஆஞ்சான் எனக்கு, சுக்கான் அவருக்கு. மடிப்புப் பாய்ப் படகுக்குப் பணமும் கட்டிவிட்டோம். ஜிப்பை மூடுவது அவர் பாடு. அதற்குத் தோளைத் தூக்க வேண்டுமே என்கிறார். இடது கையால் மூடட்டும்.

தையல்கார ஐயாவிடம் ஒரு சந்தேகம். ஆஞ்சானில் அடையாளம் தைக்க எந்த நூல் எடுத்துக்கொண்டு போவது? வீட்டில் இருப்பது ரவிக்கை தைக்கும் நூல்தான்.


தார்ப்பாய்த்_தையல் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.15

அது ஒரு வாரம் தாங்காது, அம்மா. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் வேண்டும், தோல் செருப்பு தைக்கிறவர்கள் வைத்திருப்பதைப் போல. வெள்ளைக் கயிறாக இருந்தால் முதல் ரீஃபுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்குக் கறுப்பு. இருட்டில் நிறம் தெரியாது, அதனால் இரண்டாவதை இரண்டு அங்குலம் அகலமாகச் சுற்றிவிடுங்கள், விரலால் தடவினாலே தெரியும். ஊசி 16-ஆம் நம்பர், முக்கோண முனை. விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டுவிடுங்கள். எம்.சி. ரோடு பக்கம் வந்தால் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். நூலைக் கயிற்றுக்குள் எப்படி இரண்டு முறை குத்தி எடுத்துச் சுற்றுவது என்று ஒரு துண்டுக் கயிற்றில் செய்து காட்டுகிறேன். திங்கட்கிழமை வேண்டாம், பந்தல் வேலை இருக்கிறது.

அவருடைய தோளுக்கு ஒன்று: சுக்கானையும் இடது கையால் பிடிக்கப் பழகச் சொல்லுங்கள்.


கொருக்குப்பேட்டை_ரயில்கேட் எழுதியது
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.40

பைக் கையுறை வேண்டாம் தங்கச்சி, நனைந்தால் வழுக்கும். படகுக்கென்றே விரல்நுனி வெட்டிய கையுறை வருகிறது. என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, நம் இருவருக்கும் கை ஒரே அளவாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை நானும் எம்.சி. ரோட்டுக்கு வருகிறேன், திரும்பும்போது ரயில் கேட் மூடியிருக்காவிட்டால்.